பசிக்காத நோன்பு

அன்பு மகனுக்கு,

ஸலாம். நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நான் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். உடனே முகத்தைச் சுளித்துக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுவிடாதே. திட்டுவதற்காக எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் போன் போட்டே திட்டியிருப்பேன், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கும். அறுபத்தாறு வயதில் ஒருவன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இத்தனை பக்கம் எழுதுகிறான் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கடைசி வரை படி.

போன பெருநாளைக்கு காஜா பேராங் வீட்டுக்கு வந்தாய். உன் அம்மா விடியற்காலையில் எழுந்து தேக்சா நிறைய பிரியாணி ஆக்கி வைத்திருந்தாள். நீ இரண்டு வாய் சாப்பிட்டாய். மிச்சத்தைத் தட்டின் ஒரு ஓரத்தில் குவித்து வைத்து, மேலே ஒரு எலும்பைப் போட்டு, சாப்பிட்டு முடித்த மாதிரி காட்டினாய். பிறகு என் எதிரில் உட்கார்ந்து நான்கு மணி நேரம் பேசினாய். நீ பிறந்ததிலிருந்து என்னிடம் சேர்ந்தாற்போல் நான்கு வாக்கியம் பேசியவன் இல்லை. உன் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்குத்தான் லா எம்புள்ள வாய் தொறந்து பேசுது" என்றாள். பேசிக்கொண்டே என் மேசை விசிறியைக் கழற்றினாய். ரிப்பேர் பார்க்கிறேன் என்றாய். அதற்கு ஒரு கோளாறும் இல்லை, காலையில்கூட ஓடியது. பழைய பேப்பரை விரித்து, ஆணிகளைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசை பிடித்து அடுக்கினாய். கலைத்தாய். மறுபடி அடுக்கினாய். வெற்றிலை போடாத வாய், ஆனால் தாடை மட்டும் அரைத்துக்கொண்டே இருந்தது. நான் உன் பேச்சைக் கேட்கவில்லை தம்பி. உன் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருமகளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மேல் பாய்ந்துவிடாதே. உன் பெட்டியையும் துழாவவில்லை. உன்னைப் போல் லோரி ஓட்டுகிறவர்கள் தூக்கத்தை விரட்ட மாத்திரை போடுகிறார்கள் என்று காப்பிக்கடையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது காப்பிக்கடையால் அல்ல. அப்படி வரிசையாக அடுக்கிய ஆணிகளை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அடுக்கியது என் கை. இப்போது லோரியை விட்டுவிட்டு அடுத்த மாதம் எல்லை தாண்டி ஹாட்யாய் போகிற எக்ஸ்பிரஸ் பஸ்ஸை எடுக்கப் போகிறேன் என்கிறாய். உன் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் உன்னை நம்பிக் கண் மூடித் தூங்குவார்கள். அதனால்தான் இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலத்துக் கதைகளை உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். கரியை எரித்து அந்தப் புகையில் ஓடுகிற லோரியை ஏற்றத்தில் இறங்கித் தள்ளிய கதை, காவல் நிற்கிற சென்ட்ரியைக் குனிந்து கும்பிட மறந்து அறை வாங்கிய கதை, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்று மலச்சிக்கல் வந்த கதை. நீயும் சிறு வயதில் அதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாய். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் நடுவில் ஒரு நோன்பு மாதம் இருந்தது. அதை மட்டும் ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போய்விடுவேன். உன் அம்மாவும் காட்டிக்கொடுக்க மாட்டாள், தலையைக் குனிந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. உன் அம்மா வயிற்றில் நீ ஏழு மாதம். நாங்கள் இருந்தது இதே காஜா பேராங்தான், ஆனால் இந்த வீடில்லை, செட்டிகள் குடியிருக்கிற கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஓலை வேய்ந்த ஓர் அத்தாப்பு வீடு. நான் ஜப்பான்காரன் கிடங்குக்கு லோரி ஓட்டினேன். புக்கிட் ரம்பாய்ப் பக்கமிருந்து விறகும் கிழங்கும் ஏற்றி வர வேண்டும், இங்கிருந்து கருவாடு ஏற்றி சிரம்பானுக்குப் போக வேண்டும். இறக்கிய கையோடு மறுபடி ஏற்றம். தூக்கம் என்பதை அங்கங்கே பிய்த்துப் பிய்த்துத்தான் தூங்கினேன். ஒரு நாள் பட்டப்பகலில் புக்கிட் ரம்பாய் வளைவில் கண் சொக்கி லோரியை அப்படியே கால்வாய்க்குள் இறக்கிவிட்டேன். கூட வந்த ஜப்பான்காரக் கோர்ப்பரல் குட்டையான ஆள், ஆனால் அறைந்தால் காதுக்குள் நாள் முழுக்கத் தேனீ பறக்கும். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டினேன். அறை விழவில்லை. கண்ணைத் திறந்தால், அவன் உள்ளங்கையில் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை. "மாக்கான்! தீடோர் தாடா!" என்றான். சாப்பிடு, தூக்கமே வராது என்று அவனுடைய அரைகுறை மலாயில் சொன்னான். அறைக்குப் பதில் மாத்திரை என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அது எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், நான் பொய் சொல்லவில்லை என்று நீ நம்ப வேண்டுமே. அரை மணி நேரத்தில் மண்டைக்குள் நாலு சன்னலும் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. உடம்பில் வலி என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது. மரம் மட்டை எல்லாம் புதிதாகத் துடைத்து வைத்தது போல் தெரிந்தது. அந்தக் கோர்ப்பரல்மேல்கூட எனக்குப் பாசம் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்! சிரம்பான் போய்த் திரும்பி வந்து, வீட்டில் விறகு பிளந்தேன். பிளந்த விறகை மறுபடி பிளந்தேன். உன் அம்மா வந்து பார்க்கும்போது பல் குத்துகிற அளவுக்குக் கொண்டுபோயிருந்தேன். "ஏங்க, இதை அடுப்புல வைக்கவா, இல்ல கடைவாய்க்கு வைக்கவா?" என்று கேட்டாள். மறுநாள் அவளுடைய தையல் மிஷினைக் கழற்றினேன். ஆணி, ஸ்பிரிங், சக்கரம் எல்லாவற்றையும் பாயில் வரிசையாக அடுக்கினேன். அவ்வளவு அழகாக அடுக்கினேன், திருப்பிப் பூட்டத்தான் தெரியவில்லை. அந்த மிஷின் அதற்குப் பிறகு தைக்கவே இல்லை. உனக்கென்று அவள் தைக்க ஆரம்பித்திருந்த சட்டை ஒரு கையோடு நின்றுபோனது.

நோன்பு பிறந்தது. இங்கேதான் நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். விடியுமுன் சஹர் நேரத்தில் ஒரு வாய்க் கிழங்கோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் பகல் முழுக்கப் பசியில்லை, தாகம் தெரியவில்லை, சோர்வில்லை. மற்ற ஆண்கள் பிற்பகல் அஸர் தொழுகைக்கே சுருண்டு பள்ளிவாசல் தூணில் சாய்ந்திருப்பார்கள். நான் லோரி ஓட்டிவிட்டு, டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில் ஜாலான் துக்காங் எமாஸ் பள்ளிவாசலுக்குப் பறந்து வந்து, கஞ்சி அண்டாவைக் கிண்டுவேன், தொழ வருகிறவர்கள் கைகால் கழுவுகிற ஹவுளைத் தேய்ப்பேன், தரையைக் கூட்டுவேன். கூட்டிய தரையையே மறுபடி கூட்டுவேன். இரவுத் தராவீஹ் தொழுகையில் முதல் வரிசையில் குச்சி மாதிரி நிற்பேன். பாங்கு சொல்கிற மோதினாருக்கு என்னைப் பார்த்து வாய் மூடவில்லை. "மாஷா அல்லாஹ், இந்த வயசுல இப்புடி ஒரு ஈமானா! பாருங்கப்பா, கத்துக்குங்க!" என்று நாலு பேர் முன்னால் என் முதுகில் தட்டுவார். எனக்கு அந்த மாத்திரை தந்த சுகத்தைவிட அந்தத் தட்டு தந்த சுகம் பெரிது. நான் யாரையும் ஏமாற்றுவதாக நினைக்கவே இல்லை தம்பி. அல்லாஹ்தான் கோர்ப்பரல் கையில் எனக்கு அருளை அனுப்பியிருக்கிறான் என்று நானும் மனதார நம்பினேன். எனக்குப் பசியில்லாததால் என் பங்குச் சோற்றையும் உன் அம்மாவே சாப்பிட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி இரண்டு பங்கு சாப்பிடுகிறாளே என்று எனக்கு அதில் வேறு பெருமை.

முதலில் கண்டுபிடித்தது அவள்தான். பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு வந்து பொழுது சாய்ந்ததும் மஃரிபுக்கு அவளோடு உட்கார்ந்து நோன்பு துறப்பேன். அரிசியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், பாதி கிழங்கு மாவு, ஆனாலும் இஞ்சி வாசமும் சூடுமாக அந்தக் காலத்துக்கு அது அமிர்தம். நான் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுக் கஞ்சியை அவள் பக்கம் தள்ளிவிடுவேன். எட்டு நாள் பார்த்தாள். ஒன்பதாம் நாள் கஞ்சிக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "நாளெல்லாம் பட்டினி கெடந்த மனுசன் கஞ்சியப் பார்த்தா மொகம் மலரணும். உங்க மொகம் மலரலையே! பசிக்காம நோக்குற நோன்பு என்னங்க நோன்பு?" என்றாள். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஊரே மெச்சுகிறது, இவளுக்கு மட்டும் பொறாமை என்று கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், அவள் சொன்னது சரிதான். பசியை அடக்குவதற்குத்தான் நோன்பு, பசியே இல்லாதவன் எதை அடக்குகிறான்? ஆனால் மாத்திரை உள்ளே இருக்கும்போது யோசனை எல்லாம் நமக்குச் சாதகமாகத்தானே ஓடும்.

ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. மூன்று போட்டாலும் முதல் நாள் திறந்த சன்னல்கள் திறக்கவில்லை. போடாவிட்டால் எழுந்து நிற்க முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கூடவே சந்தேகம் புகுந்தது. பக்கத்தில் ஒரு செட்டிக் குடும்பம், நம்மைப் போன்ற நிறம், சாமியும் நம்ம ஊர்ச் சாமி, ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். அவர்களுக்கு ஒரு சேவல் இருந்தது. அது என்னைப் பார்த்துத்தான் கூவுகிறது, நான் வருவதையும் போவதையும் கிடங்குக்குத் தெரிவிக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. சிரிக்காதே, நிஜமாகவே தோன்றியது! உன் அம்மாவிடம் வாயில் விரலை வைத்து, "மெதுவாப் பேசு, சேவல் கேட்குது" என்பேன். ஒரு நாள் வேலியோரம் போய் அந்த வீட்டுக்காரரிடமே நியாயம் கேட்டேன். பாவம், மனிதர் என்னையும் சேவலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆயாம் பூன் தாக்கோட் சாமா ஜெப்புன்" என்றார். சேவலுக்கும் ஜப்பான்காரன் என்றால் பயம்தான் என்று அர்த்தம். அன்றிலிருந்து அவர் சேவலைக் கூடைக்குள் மூடி வைத்தார், சேவலுக்குப் பயந்து இல்லை, எனக்குப் பயந்து.

இதுவரை சிரித்துவிட்டாய் என்றால் சரி. இனி சிரிக்க முடியாததைச் சொல்ல வேண்டும். நோன்பு இருபதுக்கு மேல் கோர்ப்பரலை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மாத்திரை நின்றது. ஒரே நாளில் மனசு கறுத்து, உலகமே சாம்பலாகிவிட்டது. கிடங்கில் ஒருவனிடம் மாத்திரை இருந்தது. அவனுக்கு வேண்டியது அரிசி. உன் அம்மா பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியச் சோறாக்கவென்று ஆறு மாதமாகப் பிடி பிடியாக அரிசி சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னில் மூடிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். அவள் தன் வாயைக் கட்டிச் சேர்த்தது அது. அவள் குளிக்கப் போயிருந்தபோது அதை எடுத்துப் போய்க் கொடுத்தேன். அது மட்டுமில்லை. டின்னைத் தூக்கினால் கனம் தெரிய வேண்டுமே என்று அதில் மணலை நிரப்பி வைத்தேன். நான்தான் நிரப்பினேன், இந்தக் கையால்தான். இத்தனை வருஷம் கழித்தும் இந்த வரியை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெருநாளுக்கு மூன்று நாள் முன்னால் அவள் டின்னைத் திறந்தாள். தனக்கு ஆக்கிச் சாப்பிட இல்லை. தொழுகைக்கு முன் தலைக்கு இவ்வளவு என்று ஏழைகளுக்கு அளந்து கொடுக்கிற ஃபித்ரா அரிசியை அதிலிருந்து எடுக்கலாம் என்று திறந்தாள். நாழியை உள்ளே விட்டாள், மணல் வந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். நாழியை ஒரு தட்டு தட்டி ஓரமாக வைத்துவிட்டு, "மிச்சம் எத்தன இருக்கு?" என்றாள். என் மடியில் ஒன்பது மாத்திரை இருந்தது. "குடுங்க." மடியிலிருந்து எடுத்துவிட்டேன், கையையும் நீட்டிவிட்டேன். விரல் திறக்கவில்லை. இதை நீ நன்றாகக் கேட்டுக்கொள். கொடுத்துவிட வேண்டும் என்று நான் முழு மனதோடு நினைத்தேன். நிறைமாதமாக என் முன்னால் நிற்கிறவளைப் பார்த்து அழுதுகொண்டே நினைத்தேன். ஆனால் கை என் பேச்சைக் கேட்கவில்லை, எவனோ ஒருவனுடைய கையை என் தோளில் ஒட்ட வைத்த மாதிரி மூடியே இருந்தது. "தொறக்க மாட்டேங்குதா?" என்றாள். தலையாட்டினேன். அவள் மெல்ல எழுந்து போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்தாள். இறுகிப்போன வளையலைக் கழற்றுவதுபோல் என் முஷ்டியில் எண்ணெய் தடவி, விரல் விரலாக நெம்பித் திறந்தாள். ஒன்பதையும் எடுத்துப் போய்க் கக்கூஸ் வாளியில் போட்டுவிட்டு வந்து, "இப்ப போய்க் கைய வுடுங்க பாப்போம்" என்றாள். அவள் முன்னால் உட்கார்ந்திருந்ததால் நான் போகவில்லை. இல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

உஜோங் பாசிரிலிருந்து உன் காதர் மாமாவை வரவழைத்தாள். மீன்காரர், ஆளும் உயரம், குரலும் உயரம். அவர் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார், நான் உள்ளே விழுந்து தூங்கினேன். தூக்கம் என்றால் அப்படித் தூக்கம். எழுப்பினால் கடித்துக் குதறுவேன், கிடைத்ததைத் தின்பேன், மறுபடி விழுவேன். நோன்பும் போயிற்று, தொழுகையும் போயிற்று. இப்படி இருக்கும்போது பள்ளிவாசலிலிருந்து மோதினாரும் நாலு பேரும் வந்துவிட்டார்கள். ஃபித்ரா அரிசியைப் பங்கு வைக்க நம்பிக்கையான ஆள் வேண்டுமாம், அதற்கு என்னைவிட்டால் ஆளில்லையாம்! காதர் மாமா சமயோசிதமாக, "மச்சானுக்குக் காய்ச்சல்" என்றார். உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "காய்ச்சல் இல்ல. ஜப்பான்காரன் மாத்திரையைத் தின்னுட்டு நோன்பு வச்சிருக்காரு. புள்ளைக்கு வச்சிருந்த அரிசியையும் அதுக்கே குடுத்துட்டாரு. இப்ப மாத்திரை இல்லாம தூங்குறாரு. பங்கு வைக்க வேற ஆளப் பாருங்க" என்றாள். உள்ளே நான் அரைத் தூக்கத்தில் அத்தனையும் கேட்டேன். எழுந்துபோய் அவள் வாயைப் பொத்த உடம்பில் தெம்பில்லை. அன்று அவள்மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை. அவள் மட்டும் அன்றைக்கு மூடி மறைத்திருந்தால், நான் எழுந்த மறுநாளே வேறொருவனிடம் மாத்திரைக்குப் போய் நின்றிருப்பேன். ஊருக்குத் தெரிந்த பிறகு எவனும் எனக்குத் தரவில்லை.

வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். பெருநாள் காலை, தொழுகைக்கு முன்னால் மோதினார் மட்டும் திரும்பி வந்தார், தலையில் ஒரு சின்ன மூட்டையோடு. ஃபித்ரா அரிசி. ஏழை வீடுகளின் பட்டியலில் அந்த வருஷம் நம் வீடும் சேர்ந்திருந்தது. நொய்யும் குருணையும் கலந்தது, பாதிக்குக் கிழங்கு மாவு, யார் யார் வீட்டு வாயையோ கட்டி அளந்தது. ஊருக்கே பங்கு வைக்க வேண்டியவன் பாயில் கிடந்தபடி பங்கை வாங்கிக்கொண்டேன். மோதினார் என் பக்கத்தில் வந்து, "தூங்கு தம்பி, நல்லாத் தூங்கு" என்றார். உன் அம்மா பத்தியம் சாப்பிட்டது அந்த அரிசியில்தான். நீ குடித்த பாலும் அதில் ஊறியதுதான்.

இந்த வயதில் எனக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டியிருந்தது. அன்று என் கை ஏன் திறக்கவில்லை? போன வாரம் இரத்த அழுத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் பிள்ளையிடம், "என் கூட்டாளி ஒருத்தன் மகன்" என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க ஐயா, அந்தக் கூட்டாளிக்கும் இந்தப் பழக்கம் இருந்துச்சா?" என்றாளே பார்க்கலாம்! கெட்டிக்காரி. பிறகு பேப்பரில் படம் போட்டு விளக்கினாள். மூளையில் டோப்பமின் என்று ஒரு சரக்கு ஊறுமாம். பசித்துச் சாப்பிடும்போது, பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டும்போது, ஒரு வேலையை முடித்து நிமிரும்போது, அது கொஞ்சம் சுரந்து, "இது நல்லது, மறுபடி செய்" என்று நமக்குச் சொல்லுமாம். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பள்ளிவாசல் கஞ்சி அண்டா மாதிரி அது, ஆளுக்கு ஓர் அகப்பை ஊற்றினால் மாதம் முழுக்க ஓடும். இந்த மாத்திரை என்ன செய்கிறது, அண்டாவையே கவிழ்த்துவிடுகிறது. ஊற்றியது திரும்பி அண்டாவுக்குள் போகாதபடி வழியையும் அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் பசியில்லை, தூக்கமில்லை, அதனால்தான் தாடை அரைக்கிறது, ஒரே வேலையைக் கை திரும்பத் திரும்பச் செய்கிறது. இத்தனை வெள்ளத்தைத் தாங்க முடியாமல் மூளை வாங்குகிற கோப்பைகளைக் குறைத்துவிடுகிறதாம். பிறகு பிரியாணி போட்டாலும் பேரப்பிள்ளை சிரித்தாலும் வாங்கிக்கொள்ளக் கோப்பை இல்லை. கூடுதலாக மாத்திரை போட்டாலும் பழைய சுகம் இல்லை. ஆனால் "மறுபடி செய், மறுபடி செய்" என்கிற சத்தம் மட்டும் மூளைக்குள் ஆழமாகப் பதிந்துபோய், வேண்டாம் என்று சொல்கிற புத்தியைவிட உரக்கக் கத்துமாம். "அதனாலதான் ஐயா கை தொறக்கல. அது உங்க கெட்ட குணம் இல்ல, உங்க மூளைய அந்த மாத்திரை பழக்கி வச்சிருந்துச்சு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சின்னப் பெண் முன்னால் அழுகிறோமே என்று இரத்த அழுத்தம் இன்னும் ஏறியதுதான் மிச்சம்.

அதனால் உன்னை நான் கெட்டவன் என்று நினைக்கவில்லை. நீ விடிய விடிய ஓட்டியது உன் பிள்ளைகள் படிப்புக்காகத்தான். நானும் முதல் மாத்திரையை அறைக்குப் பயந்துதான் போட்டேன். ஆனால் எதற்காகத் தொடங்கினோம் என்று மூளை கேட்பதில்லை. நாளைக்கு விட்டுவிடுவேன் என்று நீ உனக்குச் சொல்லிக்கொள்வாய், எனக்குத் தெரியும், நானும் சொல்லிக்கொண்டவன்தான். தனியாக விட முடியாது தம்பி. எண்ணெய் தடவ ஓர் ஆள் வேண்டும், வாசலில் உட்கார ஓர் ஆள் வேண்டும், இப்போது நல்லவேளையாக டாக்டரும் இருக்கிறார்கள். அந்தப் பெண் உன்னைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறாள். விட்ட பிறகு மனசு ரொம்பக் கறுக்கும், அந்த நேரத்தில் தனியாக இருக்கவே கூடாது என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள்.

அந்தக் கறுப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இதைத்தான் உன் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. நீ பெருநாள் முடிந்து பத்தாம் நாள் பிறந்தாய். மருத்துவச்சி உன்னைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். நான் உன் காதில் பாங்கு சொன்னேன், கடைப் பலகையைப் படிப்பது போல் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மூக்கு இருந்தது, கண் இருந்தது, என் ஜாடை என்றுகூடத் தெரிந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. எல்லோரும் பார்க்கிறார்களே என்று சிரித்து வைத்தேன். ஐந்து மாதம் அப்படியே சிரித்து வைத்தேன். பிறகு ஒரு நாள் மத்தியானம், என்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பும்போது உன்னைத் தூக்கினேன். நீ என் மார்பு முழுக்கப் பீய்ச்சி அடித்துவிட்டு, பெரிய காரியம் செய்தவன்போல் என்னைப் பார்த்தாய். வயிற்றுக்குள்ளிருந்து எனக்கு ஒரு சிரிப்பு வந்தது பார், உன் அம்மா ஓடி வந்துவிட்டாள்! நான் சிரித்துச் சிரித்து அழுதேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். திரும்பி வரும் தம்பி. மெதுவாக வரும், கேட்காமல் வரும், ஆனால் வரும்.

பஸ் முதலாளியிடம் ஒரு மாதம் தவணை கேள். வியாழக்கிழமை இங்கே வந்துவிடு, மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. மறுநாள் காலையே டாக்டரிடம் போவோம். முன் அறையில் உனக்குப் பாய் விரித்து வைத்திருக்கிறேன். திட்டினால் திட்டு, கடித்தால் கடி, பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் தூங்கு. நான் உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். நீ கண் விழித்து, "அத்தா, பசிக்குது" என்று சொல்லும்போது உன் முகத்தை நான் பார்க்க வேண்டும். நீ பிறந்த அன்று அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வராத சந்தோஷம் இந்தத் தடவை எனக்கு வரும். அதைப் பார்க்க நீ வா.

உன்
அத்தா